பெண்ணாடத்துக்காரர் ஏன் அந்தச் சங்கிலியில் நிற்க வேண்டும்

2019 ஜூன் 23, ஞாயிற்றுக்கிழமை. விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தில் தொடங்கி இராமேசுவரம் வரை 596 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மனிதச் சங்கிலி நடந்தது. பேரழிவிற்கு எதிரான பேரியக்கம் அழைத்திருந்தது. உழவர்களும் மீனவர்களும் மாணவர்களும் கட்சிக்காரர்களும் சாலையோரத்தில் கைகோத்து நின்றார்கள். ஆளுக்கொரு மீட்டர் என்று வைத்தால்கூட அந்தத் தூரத்தை நிரப்ப ஆறு லட்சம் பேர் வேண்டும். எல்லா இடத்திலும் கை கையைத் தொட்டிருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் காவிரிப் படுகையும் அதன் கடற்கரையும் ஒரே நாளில், ஒரே கோரிக்கைக்காகத் தெருவுக்கு வந்தது அதற்கு முன் நான் அறிந்து நடந்ததில்லை. எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் ஹைட்ரோகார்பன் திட்டம் வேண்டாம் என்பதுதான் அந்தக் கோரிக்கை.

கடலூரும் சிதம்பரமும் அந்தப் பாதையில் இருந்தன. பெண்ணாடம் இல்லை. கடலிலிருந்து ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் உள்ளே, கடலூர் மாவட்டம் திட்டக்குடி வட்டத்தில், விருத்தாசலத்துக்கும் அரியலூருக்கும் நடுவே ரயில் பாதையில் இருக்கிற ஊர். கரும்பு, நெல், மக்காச்சோளம், பருத்தி என்று போகும் மண். டெல்டா என்று யாரும் இதைச் சொல்வதில்லை. அப்படியிருக்க, இங்கிருந்து ஒருவர் பஸ் ஏறிப்போய்ச் சிதம்பரத்தில் அந்தச் சங்கிலியில் நிற்பதற்கு என்ன நியாயம்? இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. மண்ணுக்கு அடியிலிருந்து தொடங்க வேண்டும்.

காவிரிப் படுகையின் அடியில் எண்ணெயும் எரிவாயுவும் இருப்பது புதிய செய்தி அல்ல. பல பத்தாண்டுகளாகவே அங்கங்கே கிணறுகள் இருக்கின்றன. புதிதாக வந்தது ஒன்றிய அரசின் 2016ஆம் ஆண்டுக் கொள்கை. அதற்கு முன் எண்ணெய்க்கு ஓர் உரிமம், நிலக்கரிப் படுகை மீத்தேனுக்கு வேறோர் உரிமம் என்று தனித்தனியாக இருந்தது. புதிய கொள்கையில் ஒரே உரிமம் போதும். எண்ணெய், இயற்கை எரிவாயு, மீத்தேன், பாறையிடுக்கு ஷேல் வாயு எது கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளலாம். எந்தப் பகுதி வேண்டும் என்பதையும் நிறுவனமே சுட்டிக் கேட்கலாம். முதல் சுற்று ஏலத்தில் காவிரிப் படுகையில் தமிழகத்தை ஒட்டி மூன்று வட்டாரங்கள் ஒதுக்கப்பட்டு, 2018 அக்டோபரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. இரண்டு வேதாந்தாவுக்கு, ஒன்று ஓஎன்ஜிசிக்கு. மரக்காணம் முதல் கடலூர் வரை ஒன்று, பரங்கிப்பேட்டை முதல் வேளாங்கண்ணி வரை இன்னொன்று, கடலூர் மாவட்டத்துக்குள்ளேயே மூன்றாவது. சங்கிலி மரக்காணத்தில் தொடங்கியதற்கான காரணம் இந்த வரைபடத்திலேயே இருக்கிறது.

மக்கள் இதற்குள் விவரம் தெரிந்தவர்களாக ஆகியிருந்தார்கள். 2010இல் மன்னார்குடி வட்டாரத்தில் மீத்தேன் எடுக்க ஒப்பந்தம் போடப்பட்டதும், அதை எதிர்த்து ஊர் ஊராகப் போய்ப் பேசியவர் இயற்கை வேளாண் விஞ்ஞானி கோ. நம்மாழ்வார். அந்தப் பிரசாரத்தின் நடுவிலேயே 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டைப் பக்கம் அத்திவெட்டியில் அவர் உயிர் பிரிந்தது. 2017 பிப்ரவரியில் புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து எழுந்தது. அதே ஆண்டு ஜூன் 30இல் தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் பரவியது, போராடியவர்கள் கைதானார்கள். மீத்தேன் எடுக்க நிலக்கரிப் படுகையிலிருந்து முதலில் நீரை இறைத்து வெளியேற்ற வேண்டும் என்பதையும், அந்த நீர் உப்பும் கழிவும் கலந்தது என்பதையும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து விளக்கிச் சொல்லக்கூடிய உழவர்கள் உருவாகியிருந்தார்கள். 2019இல் கைகோத்தது அந்த அறிவு.

இதைப் பருவநிலைப் போராட்டம் என்று சொல்லலாமா? நின்றவர்களில் பெரும்பாலோர் நிலத்துக்கும் நீருக்கும்தான் வந்தார்கள். அன்றைய நிலைமை அப்படி. வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12இல் அந்த ஆண்டு மேட்டூர் அணை திறக்கவில்லை. ஆகஸ்ட் 13இல்தான் திறந்தது. குறுவைச் சாகுபடி இல்லை. சென்னையில் குடத்தோடு வரிசையில் நின்ற கோடை அது. இருந்தாலும் அந்தக் கோரிக்கையின் உட்பொருளைப் பாருங்கள். மண்ணுக்கடியில் இருக்கிற எரிபொருள் அங்கேயே இருக்கட்டும் என்கிறது. உலகம் சூடாவதைத் தடுக்க அறிவியல் கேட்பதும் இதையேதான். 2018இல் ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழு வெளியிட்ட அறிக்கை, வெப்ப உயர்வை 1.5 டிகிரியில் நிறுத்த வேண்டுமானால் 2030க்குள் கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்தை 2010ஆம் ஆண்டு அளவிலிருந்து ஏறக்குறைய 45 விழுக்காடு குறைக்க வேண்டும் என்றது. புதிது புதிதாகக் கிணறு தோண்டிக்கொண்டே அதைச் செய்ய முடியாது. எடுத்த வாயுவை எரித்தால் கார்பன் டை ஆக்சைடு. எரிக்காமல் குழாயிலும் கிணற்றடியிலும் கசிந்தால் மீத்தேன். இருபது ஆண்டுக் கணக்கில் மீத்தேன் அதே எடையுள்ள கார்பன் டை ஆக்சைடைப் போல எண்பது மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும்.

2019 செப்டம்பர் 20 அன்று உலகெங்கும் பள்ளிப் பிள்ளைகள் வகுப்பைப் புறக்கணித்துத் தெருவுக்கு வந்தார்கள். கிரேட்டா துன்பர்க் என்ற சுவீடன் சிறுமி தனியாக உட்கார்ந்து தொடங்கியது அப்படி வளர்ந்தது. சென்னையிலும் பிள்ளைகள் கூடினார்கள். அவர்கள் அரசுகளைப் பார்த்து வெளியேற்றத்தைக் குறையுங்கள் என்றார்கள். மரக்காணத்துக்கும் இராமேசுவரத்துக்கும் நடுவே நின்றவர்கள் அதற்கு மூன்று மாதம் முன்பே, இந்த ஊரில் இந்தக் கிணறு வேண்டாம் என்று இடத்தைக் காட்டிச் சொன்னார்கள். இரண்டும் தேவை. ஆனால் இரண்டாவதைச் சொல்பவருக்குத்தான் இழப்பும் வழக்கும் வருகின்றன. அதனால் தமிழகம் கண்ட மிகப் பெரிய பருவநிலைப் போராட்டம் எது என்று கேட்டால் நான் இந்தச் சங்கிலியைத்தான் சொல்வேன்.

இப்போது பெண்ணாடத்துக்கு வருவோம். ஊரை ஒட்டி ஓடுவது வெள்ளாறு. மேலே தொழுதூர் அணைக்கட்டில் தடுத்து வெலிங்டன் ஏரிக்கு நீர் விடுகிறார்கள். பெண்ணாடத்துக்குப் பக்கத்திலேயே பெலாந்துறை அணைக்கட்டு. கீழே கூடலையாற்றூரில் மணிமுத்தாறு வந்து சேர்கிறது. அப்புறம் சேத்தியாத்தோப்பு அணைக்கட்டு; வீராணம் ஏரியின் உபரியும் அங்கே வந்து விழும். பிறகு புவனகிரி, கடைசியில் பரங்கிப்பேட்டையில் கடல். பெண்ணாடத்திலிருந்து சிதம்பரம் போகிறவர் விருத்தாசலம் தொட்டுச் சேத்தியாத்தோப்பு, புவனகிரி என்று ஏறக்குறைய ஆற்றின் போக்கிலேயே போகிறார். அந்த ஒரு பஸ் பயணத்தில் நம் மாவட்டத்தின் பருவநிலைச் சிக்கல் முழுவதையும் ஜன்னல் வழியே பார்த்துவிடலாம்.

விருத்தாசலம் தாண்டிச் சேத்தியாத்தோப்பு போகிற சாலையில் வளையமாதேவி. 2023 ஜூலை 26 அன்று நெய்வேலி இரண்டாம் சுரங்க விரிவாக்கத்துக்காக, பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்டுவதற்காக, கதிர் வாங்கிக்கொண்டிருந்த நெல் வயலில் பொக்லைன் இறங்கிய ஊர். நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டுவிட்டது, இழப்பீடும் கொடுத்தாயிற்று என்றது சுரங்கத்தை நடத்தும் என்எல்சி நிறுவனம். உழவர்கள் அதுவரை பயிர் வைத்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் சில வாரம் பொறுத்திருந்தால் அறுத்திருப்பார்கள். இரண்டு நாள் கழித்து நெய்வேலியில் பாமக நடத்திய முற்றுகை கல்வீச்சிலும் தடியடியிலும் முடிந்தது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போய், அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொல்லி உத்தரவானது.

நெய்வேலியைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் இங்கே நியாயம் ஒரே பக்கத்தில் இல்லை. ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டபோது கறுப்பாக ஏதோ வந்தது என்பதில் தொடங்குகிறது அந்தக் கதை. 1956இல் நிறுவனம் உருவானது. தென்னாட்டுக்கு மின்சாரம் கொடுத்தது, கடலூர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு வேலையும் பள்ளிக்கூடமும் கொடுத்தது. பெண்ணாடத்தில் எரிகிற விளக்குக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் அங்கே எடுப்பது பழுப்பு நிலக்கரி. வெட்டியெடுக்கும்போது அதன் எடையில் பாதியளவு ஈரம். அந்த ஈரத்தை ஆவியாக்கவே வெப்பம் செலவாவதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நல்ல கரியைவிட அதிகம் எரிக்க வேண்டும், புகையும் அதிகம். இன்னொன்று, கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கிறது ஊற்று நீர். அதை இரவும் பகலும் இறைத்துக்கொண்டேயிருந்தால்தான் சுரங்கம் நீரில் மூழ்காமல் இருக்கும். சுற்றுவட்டாரத்தில் போர் போடும் ஆழம் கூடிக்கொண்டே போகிறது என்பது உழவர்களின் நெடுநாள் குறை. ஆக, நெய்வேலியை நாளைக்கே மூடு என்று சொல்வது அங்கே வேலை செய்கிற ஒப்பந்தத் தொழிலாளியின் வயிற்றில் அடிப்பது. இன்னும் விரித்துக்கொண்டே போ என்பது வளையமாதேவியின் வயிற்றில் அடிப்பது. விரிவாக்கத்தை நிறுத்து, இருக்கிறதைப் படிப்படியாகக் குறை, அந்தத் தொழிலாளிக்குச் சூரிய மின்சாரத்திலோ வேறெதிலோ நிரந்தர வேலையை முதலில் எழுதிக்கொடு என்பதுதான் என் நிலை. பேரணிகளில் இந்த மூன்றாவது கோரிக்கை போதிய சத்தத்தோடு ஒலிக்கவில்லை என்பது என் வருத்தம்.

அடுத்து சேத்தியாத்தோப்பு. 2023 மார்ச் கடைசியில் ஒன்றிய அரசு ஏலத்துக்கு விட்ட நிலக்கரி வட்டாரங்களின் பட்டியலில் சேத்தியாத்தோப்புக் கிழக்கு, அரியலூர் மாவட்டத்து மைக்கேல்பட்டி, டெல்டாவின் வடசேரி ஆகிய மூன்றும் இருந்தன. ஒரு வாரத்துக்குள் டெல்டா கொதித்தது. முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்; எல்லாக் கட்சிகளும் சட்டமன்றத்தில் எதிர்த்துப் பேசின. ஏப்ரல் 8ஆம் தேதி மூன்றும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. இவ்வளவு வேகமாக ஒன்றிய அரசு பின்வாங்கியது எப்படி? பத்தாண்டாக நடந்த நடைபயணங்களும் மனிதச் சங்கிலியும் டெல்டாவில் இந்த வகைத் திட்டத்துக்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை எல்லாக் கட்சிகளுக்கும் முன்பே காட்டியிருந்தன. ஊர்வலம் நடந்த அன்றே பலன் தராமல் நான்கு ஆண்டு கழித்துத் தரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

புவனகிரி தாண்டிச் சிதம்பரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை. இங்கே கடல் உள்ளே வருகிறது. ஆற்றில் நன்னீர் தள்ளிக்கொண்டு வரும்வரை கடல் வெளியே நிற்கும். ஆற்றில் வரத்துக் குறைந்தால் ஓதத்தோடு உப்பு நீர் முகத்துவாரத்தைத் தாண்டி மேலேறும். நிலத்தடியில் நன்னீரை உறிஞ்ச உறிஞ்ச அங்கேயும் உப்பு இடம்பிடிக்கும். கடல் மட்டம் உயர உயர இந்த இழுபறியில் ஆறு தோற்றுக்கொண்டே வரும். சிதம்பரத்துக்குத் தெற்கே கொள்ளிடத்தில் ஆதனூர்–குமாரமங்கலம் கதவணை கட்டுவதன் நோக்கங்களில் ஒன்று உப்பு ஏறுவதைத் தடுப்பது. பிச்சாவரத்தின் சுரபுன்னைக் காடு 2004 சுனாமியில் அலையின் வேகத்தைத் தணித்துப் பின்னால் இருந்த குப்பங்களைக் காத்தது. அந்தக் காட்டுக்கும் உப்பும் நன்னீரும் சரியான அளவில் கலந்து வர வேண்டும். வெள்ளாற்றில் நீர் குறைந்தால் பெண்ணாடத்தில் பெலாந்துறை ஆயக்கட்டு காய்வதும் பரங்கிப்பேட்டையில் கிணறு உப்பாவதும் ஒரே காரணத்தால்தான்.

வெள்ளமும் அப்படித்தான். காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய ஏழு விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும். தாங்கியதை ஒரேயடியாகக் கொட்டும். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் பண்ருட்டியின் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்து, விசூரும் பெரியகாட்டுப்பாளையமும் உயிர்களை இழந்தன. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் பின்னால் தென்பெண்ணை கரையுடைத்துக் கடலூருக்குள் வந்தது. பெண்ணாடம் ஊழி வெள்ளத்தைத் தன் தலபுராணத்திலேயே வைத்திருக்கிற ஊர். சுவாமி பெயரே பிரளயகாலேசுவரர். வெள்ளத்தை எதிர்த்து நந்தி நின்றதால்தான் அது இறைவனைப் பாராமல் வெளியே பார்த்திருக்கிறது என்பார்கள்.

சங்கிலியில் நின்ற உழவரைப் பார்த்து ஒருவர் கேட்கக்கூடும்: நெல் வயலே மீத்தேன் விடுகிறதே? உண்மைதான். நீர் தேங்கிய வயலில் காற்றில்லாத சேற்றில் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. இதை மறைக்கத் தேவையில்லை. இதற்கு மருந்தும் நம் கையில் இருக்கிறது. செம்மை நெல் சாகுபடியில் சொல்வது போலக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால், மண்ணுக்குள் காற்று போய் மீத்தேன் வெகுவாகக் குறைகிறது, நீரும் மிச்சமாகிறது. ஆனால் வாய்க்காலில் எப்போது தண்ணீர் வரும் என்று நிச்சயமில்லாத உழவர் வந்தபோதே தேக்கித்தான் வைப்பார். முறை வைத்து நீர் விடும் பொறுப்பு அரசுக்கு உண்டு. வயலில் மாற்றத்தை எதிர்பார்ப்பவர் அதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

சங்கிலிக்குப் பிறகு என்ன நடந்தது? 2020 ஜனவரி 16 அன்று ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் அறிவிக்கையைத் திருத்தி, எண்ணெய்–எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடும் மக்கள் கருத்துக் கேட்பும் வேண்டாம் என்றது. ஊரைக் கேட்காமலே துளை போடலாம் என்ற நிலை. தமிழகத்தில் எதிர்ப்பு வெடித்தது. பிப்ரவரி 9இல் சேலம் மாவட்டம் தலைவாசலில் அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்தார். பதினொரு நாளில், பிப்ரவரி 20இல், சட்டமே நிறைவேறியது. புதிய எண்ணெய், எரிவாயு, ஷேல், மீத்தேன் ஆய்வுக்கும் எடுப்புக்கும் அந்த மண்டலத்தில் தடை. போராட்டத்தின் வெற்றி இது என்பதில் ஐயமில்லை.

ஆனால் சட்டத்தின் அட்டவணையைப் படிக்க வேண்டும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் முழுதாக. புதுக்கோட்டையில் ஐந்து ஒன்றியங்கள். கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில், குமராட்சி, கீரப்பாளையம், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை என்று ஐந்து ஒன்றியங்கள். பெண்ணாடம் இல்லை. திட்டக்குடி இல்லை. விருத்தாசலம் இல்லை. கடலூர் நகரமும் குறிஞ்சிப்பாடியும் இல்லை. ஏற்கெனவே ஓடுகிற கிணறுகளையும் இந்தச் சட்டம் தொடாது. இன்னும் கவனியுங்கள்: சங்கிலியின் வடமுனையான மரக்காணமும் தென்முனையான இராமேசுவரமும் இந்த மண்டலத்துக்கு வெளியேதான் இருக்கின்றன. தொடக்கத்தில் நின்றவரையும் முடிவில் நின்றவரையும் விட்டுவிட்டு நடுவில் நின்றவரைச் சட்டம் காத்தது. அதன் விளைவு 2025இல் தெரிந்தது. இராமநாதபுரம் மாவட்டத்தில் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு ஓஎன்ஜிசிக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்துவிட்டது. எதிர்ப்பு எழுந்த பிறகே மாநில அரசு, அனுமதிக்க மாட்டோம் என்று அறிவித்தது. சட்டம் இல்லாத இடத்தில் அறிவிப்பை நம்பி இருக்க வேண்டியிருக்கிறது. அறிவிப்பு ஆட்சியோடு மாறக்கூடியது.

ஒன்றிய எல்லையை வரைந்தது வருவாய்த் துறையின் வசதிக்கு. வெள்ளாற்றுக்கும் நிலத்தடி ஊற்றுக்கும் அந்த எல்லை தெரியாது. பெண்ணாடத்துக்காரர் சிதம்பரத்தில் போய் நிற்பது அதனால்தான் நியாயமாகிறது. பாதிக்கப்பட்டவர் மட்டுமே போராடினால் அது ஓர் ஊரின் இழப்பீட்டுப் பிரச்சினையாகச் சுருங்கிவிடும். வளையமாதேவிக்கு நேர்ந்தது அது. பக்கத்து ஊரும் மேலாற்று ஊரும் வந்து நின்றால்தான் அது கொள்கைப் பிரச்சினையாகும். 1930இல் ராஜாஜி உப்பு அள்ளத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தபோது, நடந்தவர்கள் நூறு பேர் அளவுதான். அவர்களுக்குச் சோறு போடக் கூடாது என்று தஞ்சாவூர் கலெக்டர் தோர்ன் தடை போட்டார். வழியிலிருந்த ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். உப்பு அள்ளப் போகாத அந்த ஊர்கள்தான் அந்த நடையை நடத்திக் கொடுத்தன.

ஆகவே பெண்ணாடத்து வாசகருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை டெல்டாவில் சங்கிலியோ நடைபயணமோ அழைத்தால் நம் ஊர்ப் பெயர் எழுதிய தட்டியோடு போங்கள். நெய்வேலித் தொழிலாளியையும் அழைத்துக்கொண்டு போங்கள். பெண்ணாடம் பேரூராட்சி என்பதால் கிராம சபை கிடையாது. சுற்றியுள்ள ஊராட்சிகளில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை உண்டு. வெள்ளாற்றுப் படுகை முழுவதையும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் சேர்க்க வேண்டும் என்று அங்கே தீர்மானம் கொண்டுவாருங்கள். எழுத்தில் பதியும்வரை எழுந்து போகாதீர்கள். மயிலாடுதுறை மாவட்டத்தின் பெயர் 2023இல் இந்தச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. அட்டவணை ஒருமுறை திருத்தப்பட்டிருக்கிறது. இன்னொரு முறையும் திருத்தலாம்.